லாரிப் பாட்டு கேட்க ஒரே ஒரு ஆல்பம் என்றால் எதை வாங்குவது?

ஒரு லாரிப் படையே திரண்டு ஓடும் ‘கான்வாய்’ என்ற அமெரிக்கப் பாட்டை எங்கேயாவது கேட்டுவிட்டு, அது இருக்கிற ஆல்பத்தை முழுசாக வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்தப் பாட்டுக்காக வாங்காதீர்கள். ‘பிளாக் பேர் ரோட்’ என்ற அந்த 1975 ஆல்பத்தில் லாரிப் படை வருவது ஒரே ஒரு பாட்டில்தான். அதே படை பத்துப் பாட்டிலும் ஓடும் என்று நினைத்து வாங்குகிறவர் முதல் பக்கம் முடிவதற்குள் எரிச்சலாகிவிடுவார். லாரிப் பாட்டு மட்டும்தான் வேண்டும் என்றால் ரெட் சிம்ப்சன் இருக்கிறார், கண்ணீர் வரவேண்டும் என்றால் ரெட் சோவைன் இருக்கிறார், சிரிப்புதான் வேண்டும் என்றால் ‘கான்வாய்’ பாடிய மெக்காலின் முந்தைய ஆல்பம் ஒன்று இருக்கிறது. எது யாருக்குச் சரிப்படும் என்பதுதான் கேள்வி.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு வேடிக்கைப் பாட்டு திடீரென்று நாடு முழுக்க ஓடிவிட்டால் அதைச் சுற்றி அவசர அவசரமாக ஓர் ஆல்பம் கட்டுவது அந்தக் காலத்து அமெரிக்கக் கம்பெனிகளின் வழக்கம். ஹிட் பாட்டைத் தனியாக, காசே கொடுக்காமல் இணையத்தில் கேட்டுக்கொள்ளலாம், அதனால் ஹிட்டை வைத்து ஆல்பத்தை எடை போடுவதில் அர்த்தம் இல்லை. அதைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் ‘கான்வாய்’ எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னணி தெரியாமல் கேட்டால் அது வெறும் இரைச்சல். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்ததும் அமெரிக்காவில் டீசல் விலை ஏறியது, பல இடங்களில் கிடைக்கவே இல்லை. அதற்கு மேல், எரிபொருளை மிச்சப்படுத்த நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர்தான் உச்சவேகம் என்று 1974 ஜனவரி தொடக்கத்தில் ஜனாதிபதி நிக்சன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஓடுகிற மைலுக்குக் கூலி வாங்குகிற ஆளிடம் போய் மெதுவாகப் போ என்றால் அவன் என்ன செய்வான்? 1973 டிசம்பரிலேயே பென்சில்வேனியாவில் இன்டர்ஸ்டேட் 80 சாலையை லாரிகளைக் குறுக்கே நிறுத்தி மறித்தார்கள். அந்தச் சேதி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது சிபி ரேடியோ வழியாக. வண்டியில் பொருத்திக்கொண்டு பேசவும் கேட்கவும் உதவும் சிறிய கருவி அது, அப்போது 23 சேனல்கள்தான். எந்த மூலையில் போலீஸ் ஒளிந்திருக்கிறது, எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது என்று டிரைவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளப் பயன்பட்டது. சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், ஆளுக்கொரு பட்டப்பெயர். ஒரு கட்டத்தில் லாரிக்காரர்கள் மட்டும் இல்லை, ஊரே சிபி வாங்கியது. ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுகூட ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்ற பட்டப்பெயரில் பேசினார். 1977-இல் சேனல்களை 40 ஆக்க வேண்டி வந்தது.

இந்தச் சூட்டில்தான் ‘கான்வாய்’ வருகிறது. ரப்பர் டக் என்ற பட்டப்பெயர் கொண்ட டிரைவர் மேற்குக் கரையிலிருந்து கிழக்கே கிளம்புகிறான், வழியில் ஒவ்வொரு லாரியாகச் சேர்கிறது, டல்சா வரும்போது எண்பத்தைந்து, சிகாகோ பக்கம் வருவதற்குள் போலீஸ் போதாமல் ராணுவத்தையே கூப்பிட வேண்டியிருக்கிறது, கடைசியில் ஆயிரம் லாரிகள் நியூ ஜெர்சிக் கடற்கரையை நோக்கிச் சுங்கச்சாவடியை இடித்துக்கொண்டு போகின்றன. இடையில் பச்சையும் மஞ்சளும் கலந்த வேனில் பதினொரு ஹிப்பி பக்தர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். இதெல்லாம் நாலு நிமிடத்துக்குள். மெக்கால் பாடுவதே இல்லை, பேசுகிறார். பின்னால் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரு சின்ன டிரம், நடுநடுவே கோரஸ். ‘கன்ட்ரி’ என்கிற அமெரிக்கக் கிராமியப் பாணிப் பாட்டுகளின் பட்டியலில் ஆறு வாரம் முதலிடம், 1976 ஜனவரியில் பொதுப் பட்டியலிலும் ஒரு வாரம் முதலிடம், பிரிட்டனில் இரண்டாவது இடம். பிரிட்டனில் சிபி பேசுவது 1981 வரைக்கும் சட்டவிரோதம் என்பதை நினைத்தால் இது இன்னும் வேடிக்கை. அங்கே இரண்டு வானொலி அறிவிப்பாளர்கள் இதையே கிண்டலடித்து ஒரு பாட்டுப் போட்டு அதுவும் நாலாவது இடத்துக்குப் போனது.

பாடியவர் பெயர் சி. டபிள்யூ. மெக்கால். அப்படி ஓர் ஆள் கிடையாது. நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த பில் ஃப்ரைஸ் உருவாக்கிய பாத்திரம் அது. ‘ஓல்ட் ஹோம்’ என்ற ரொட்டிக்குத் தொலைக்காட்சி விளம்பரம் செய்யச் சொன்னார்கள், அவர் ரொட்டி லாரி ஓட்டும் ஒரு டிரைவரையும் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் மேவிஸ் என்ற பெண்ணையும் வைத்துத் தொடர்கதை மாதிரி எடுத்தார். ரொட்டியை விட விளம்பரம் பிரபலமாகி, விளம்பரத் துறையின் கிளியோ விருதும் கிடைத்தது. திரையில் வந்தது வேறொரு நடிகர், ஆனால் குரல் ஃப்ரைஸுடையது. மெட்டுப் போட்டவர் சிப் டேவிஸ் என்ற இளைஞர். பின்னாளில் மான்ஹைம் ஸ்டீம்ரோலர் என்ற பெயரில் கிறிஸ்துமஸ் இசைத்தட்டுகளைக் கோடிக்கணக்கில் விற்றவர் இவர்தான். லாரியே ஓட்டாத ஒரு விளம்பர ஆளும் கன்ட்ரிக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இசைக்காரரும் சேர்ந்து அந்தத் தலைமுறையின் லாரிக் கீதத்தைச் செய்தார்கள் என்றால் சிலருக்குக் கசக்கும். எனக்குக் கசக்கவில்லை. முப்பது விநாடிக்குள் ஒரு பாத்திரத்தைக் கண்முன் நிறுத்தப் பழகிய கை அது, பாட்டில் ஒவ்வொரு லாரியும் ஒரே வரியில் முகம் பெறுவது அந்தப் பழக்கத்தால்தான்.

சரி, ‘பிளாக் பேர் ரோட்’ ஆல்பத்துக்கு வருவோம். எம்ஜிஎம் கம்பெனி வெளியீடு, கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடம் வரை போனது. பத்துப் பாட்டு. ‘கான்வாய்’ இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டாக உட்கார்ந்திருக்கிறது. மற்றவற்றின் தலைப்பைப் படித்தாலே புரியும்: ‘தி சில்வர்டன்’, ‘லூயிஸ் அண்ட் கிளார்க்’, ‘ஆரிகன் டிரெயில்’, ‘கோஸ்ட் டவுன்’, ‘கிரீன் ரிவர்’, ‘மவுண்டன்ஸ் ஆன் மை மைண்ட்’. லாரி எங்கே? இது கொலராடோ மலைகளையும் அமெரிக்க மேற்கையும் பற்றிய ஆல்பம், நடுவில் ஒரு லாரிப் படை வழிதவறி உள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

தலைப்புப் பாட்டில் வரும் சாலை நிஜம். சான் வான் மலைத்தொடரில் ரெட் மவுண்டன் கணவாய்க்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, சுமார் 3,900 மீட்டர் உயரம் ஏறி, அந்தப் பக்கம் டெல்லுரைட் ஊருக்கு மேலே செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது. அந்த இறக்கம் ஒருவழிப் பாதை, மேலிருந்து கீழே மட்டும்தான். குடும்பத்தோடு ஜீப்பில் அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளும் ஓர் அப்பாவின் புலம்பல்தான் பாட்டு. ‘கான்வாய்’ அளவுக்கே வேகமான வாய், ஆனால் சிரிப்பு வேறு மாதிரி. இதைப் புரிந்துகொள்ள சிபி அகராதி வேண்டாம், மலைச்சாலையில் குடும்பத்தோடு போன யாருக்கும் புரியும். ஐம்பது வருடம் கழித்தும் இந்தப் பாட்டு பழசாகாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

‘தி சில்வர்டன்’ என்பது டுராங்கோவிலிருந்து சில்வர்டன் சுரங்க ஊருக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர் ஓடும் குறுகிய பாதை ரயில். 1882-இல் வந்தது, இன்றைக்கும் நீராவி இன்ஜினோடு சுற்றுலா வண்டியாக ஓடுகிறது. டேவிஸின் கைவண்ணம் முழுசாகத் தெரிவது இதில்தான், கோரஸே ரயிலாகிவிடுகிறது. ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஆல்பத்தை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘கான்வாய்’ ஃப்ரைஸ் செய்த வேலை, மலைப் பாட்டுகள் அவருடைய ஆசை. வெறும் ஊகமாக இதைச் சொல்லவில்லை. பாட்டை எல்லாம் விட்டபின் அவர் குடியேறியது அதே சான் வான் மலையடிவாரத்தில் இருக்கும் ‘யூரே’ (Ouray) என்ற சின்ன ஊரில். 1986 முதல் ஆறு வருடம் அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார், 2022-இல் 93 வயதில் அங்கேயே காலமானார். அந்த மலைமேல் இருந்த பிடிப்பு முதல் பக்கம் முழுக்கக் கேட்கும். குறையும் உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. மெதுவான பாட்டுகளில் வயலின்களைத் தேவைக்கு மேல் கொட்டியிருக்கிறார்கள், அந்த இடங்களில் ஃப்ரைஸின் பேச்சுக் குரலுக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போகிறது. அவர் சிரிக்க வைக்கும்போது இருக்கும் நுணுக்கம் உருகும்போது இல்லை.

சிரிப்புதான் முக்கியம் என்றால் அதே வருடம் கொஞ்சம் முன்னால் வந்த முதல் ஆல்பம், ‘வுல்ஃப் கிரீக் பாஸ்’, ஒரு படி மேல். ரொட்டி விளம்பரத்திலிருந்து பிறந்த சாப்பாட்டுக் கடைப் பாட்டு இதில் இருக்கிறது, பழைய பிக்கப் வண்டியை வரி விளம்பரம் பார்த்து வாங்கப் போகிறவனின் கதை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே தலைப்புப் பாட்டு. சுமார் 3,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு நிஜக் கணவாய், கோழிக்கூண்டுகளை ஏற்றிய லாரி, பிரேக் போய்விட்டது, இறக்கம் முழுக்க இரண்டு பேர் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே கீழே பகோசா ஸ்பிரிங்ஸ் ஊருக்குள் வந்து விழுகிறார்கள். என் காதுக்கு இது ‘கான்வாய்’ பாட்டை விட நல்ல பாட்டு. ‘கான்வாய்’ பெரிசாகிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான் அதன் உத்தி. இதில் ஒரு லாரி, இரண்டு வாய், ஒரு மலை. அளவு சின்னது, அதனால் ஒவ்வொரு வளைவிலும் அடுத்து என்ன ஆகும் என்ற பதைப்பு இருக்கிறது. லாரி வாசனையும் இந்த ஆல்பத்தில்தான் அதிகம்.

அப்படியென்றால் இரண்டில் எது? லாரிக்காக வருகிறவருக்கு ‘வுல்ஃப் கிரீக் பாஸ்’. முழு ஆல்பமாக உட்கார்ந்து கேட்கிறவருக்கு ‘பிளாக் பேர் ரோட்’. ஒன்றில் தனித்தனி ஜோக்குகள் நன்றாக இருக்கின்றன, இன்னொன்றில் ஓர் ஊரும் மலையும் கூடவே வருகின்றன.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழி, ஹிட் பாட்டுகளின் தொகுப்பு. 1978-இல் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ போன்ற தொகுப்பில் முக்கியமானவை கிடைத்துவிடும். ஆனால் கவனமாக இருங்கள், மெக்கால் பெயரில் எல்லாமே 1975-இன் பதிவு கிடையாது. ‘கான்வாய்’ பாட்டை வைத்து 1978-இல் சாம் பெக்கின்பா, கிரிஸ் கிரிஸ்டாஃபர்சனைப் போட்டு ஒரு படம் எடுத்தார், அந்தப் படத்துக்காக மெக்கால் வரிகளை மாற்றி மறுபடி பதிவு செய்தார். 1990-இல் ‘தி ரியல் மெக்கால்’ என்று பழைய பாட்டுகளைப் புதிதாகப் பாடிய ஆல்பம் வேறு இருக்கிறது. ஒலி சுத்தமாக இருக்கும், ஆனால் அந்த முதல் பதிவின் அவசரம் இருக்காது. ஸ்ட்ரீமிங்கில் தேடும்போது வருடத்தைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

மெக்காலை விட்டு வெளியே வந்தால், உண்மையான போட்டி ரெட் சிம்ப்சன்தான். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் ஊர்க்காரர், கன்ட்ரிப் பாடகர் பக் ஓவன்ஸோடு சேர்ந்து பாட்டு எழுதியவர். கேப்பிட்டல் இசைத்தட்டுக் கம்பெனியின் தயாரிப்பாளர் கென் நெல்சன் லாரிப் பாட்டுகளாகவே ஓர் ஆல்பம் வேண்டும் என்று தேடினார், அது சிம்ப்சனிடம் வந்தது. 1966-இல் ‘ரோல், டிரக், ரோல்’ வெளியானது. முதலிலிருந்து கடைசிவரை சாலைதான். வயலின் கிடையாது, கோரஸ் கும்பல் கிடையாது, டெலிகாஸ்டர் கிட்டார் கம்பி மாதிரி வெட்டிக்கொண்டு போகும். டேவ் டட்லி 1963-இல் பெரிய ஹிட் ஆக்கிய ‘சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோட்’ பாட்டும் இதில் இருக்கிறது, இந்த வகைக்கு அதுதான் இலக்கணம் மாதிரி. டிரைவர்களைப் பற்றி ஓர் ஆல்பம் போட்டுவிட்டு அதே வருடம் போலீஸ்காரர்களைப் பற்றியும் ஓர் ஆல்பம் போட்டார் மனிதர், ‘தி மேன் பிஹைண்ட் தி பேட்ஜ்’. இரண்டு பக்கமும் நியாயம் செய்தாயிற்று.

சிம்ப்சனுக்கும் ஒரு வேடிக்கை ஹிட் உண்டு, 1971-இன் கடைசியில் வந்த ‘ஐ ஆம் எ டிரக்’. கன்ட்ரியில் நாலாவது இடம் வரை போனது. இதில் பேசுவது லாரி. ஓடுவதெல்லாம் நான், பேர் வாங்குவது டிரைவர், அவன் உள்ளே காபி குடித்துக்கொண்டு பரிமாறும் பெண்ணிடம் பெருமை அடிக்கிறான், நான் வெளியே நிற்கிறேன் என்று அது புலம்புகிறது. இந்த ஒரு யோசனைக்கே நூறு மார்க் போடலாம். அதே பெயரில் ஆல்பமும் வந்தது. ஆனால் சிம்ப்சனிடம் ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் ‘ரோல், டிரக், ரோல்’ வாங்கிவிட்டு இந்தப் பாட்டைத் தனியாகக் கேளுங்கள். ஹிட்டின் பெயரில் வந்த ஆல்பத்தை விட, ஹிட் வரும் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் செய்த ஆல்பம் கெட்டியாக இருப்பதற்கு இது நல்ல உதாரணம்.

அப்புறம் ரெட் சோவைன். இவர் சிரிக்க வைக்கிற ஆள் இல்லை. 1976-இல் வந்த ‘டெடி பேர்’ பாட்டில் நடக்க முடியாத ஒரு சிறுவன் இறந்துபோன அப்பாவின் சிபி ரேடியோவில் டிரைவர்களோடு பேசுகிறான், அப்பா லாரி டிரைவராக இருந்தவர், அவன் ஆசை எல்லாம் இன்னொரு தடவை லாரியில் ஏறிப் போக வேண்டும் என்பது. என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், தெரிந்தும் தொண்டை அடைக்கும். கன்ட்ரியில் மூன்று வாரம் முதலிடம். அந்தச் சிறுவன் இறந்துபோவதாக இன்னொரு பாடகி அதே வருடம் தொடர்ச்சிப் பாட்டு போட்டார், அது கொஞ்சம் அநியாயம். ‘கான்வாய்’ வந்த சில மாதங்களிலேயே, அதே சிபி மோகத்தில் வந்த பாட்டுதான் இதுவும், ஆனால் அதே கருவியை வைத்து நேர் எதிரான காரியம் செய்கிறது.

சோவைனைக் கேட்பதென்றால் ‘டெடி பேர்’ ஆல்பத்தை விட ஒரு தொகுப்பு வாங்குவது புத்திசாலித்தனம். காரணம், அவருடைய மிகச் சிறந்த லாரிக் கதைகள் அதற்கும் முந்தியவை. பல வருடம் முன்னால் விட்டுப்போன மகனைச் சாலையில் சந்திக்கும் டிரைவரின் கதையான ‘கிடியப் கோ’ 1965-இல் வந்தது. பள்ளிப் பேருந்தில் மோதாமல் இருக்கத் தன் வண்டியைத் திருப்பி உயிரை விட்ட டிரைவரின் ஆவி லிஃப்ட் கொடுக்கும் ‘ஃபேண்டம் 309’ வந்தது 1967-இல். இந்த மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் போதும். ஆனால் வரிசையாகப் பத்துப் பாட்டு கேட்க முடியுமா என்றால், என்னால் முடியாது. நாலாவது பாட்டில் யார் சாகப்போகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

கிளீடஸ் மாகார்டின் ‘தி வைட் நைட்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1976 தொடக்கத்தில் கன்ட்ரியில் முதலிடம் போன பாட்டு, மாகார்ட் என்ற பெயரில் பாடியவர் ஜே ஹ்யூக்லி, இவரும் விளம்பரக் கம்பெனி ஆள்தான், தென் கரோலினாவின் கிரீன்வில்லில். போலீஸ் இல்லை, அடித்து ஓட்டு என்று சிபியில் தைரியம் சொல்லும் குரலே போலீஸ்காரனுடையது என்பது கதை. யோசனை அருமை. ஆனால் மொத்தமும் சிபி பாஷையில், அதுவும் மூச்சு விடாத வேகத்தில். அந்த மோகம் போனபின் இது யாருக்காக? ஆல்பமாக வாங்க வேண்டாம், ஒரு தடவை கேட்டுச் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஜெர்ரி ரீடையும் சிலர் சொல்வார்கள், 1977-இன் ‘ஈஸ்ட் பவுண்ட் அண்ட் டவுன்’. பாட்டு அபாரம், கிட்டார் வாசிப்பில் இந்த வரிசையில் யாரும் அவர் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அது ஒரு சினிமாவுக்குச் செய்த பாட்டு, வேடிக்கைப் பாட்டு என்ற கணக்கில் சேராது, அதனால் இந்த ஒப்பீட்டில் அதை நான் இழுக்கவில்லை.

நம் ஆட்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம், அதை ஆங்கிலத்தில் எழுதும் விமர்சகர்கள் யாரும் சொல்வதில்லை: கேட்டால் புரியுமா? இவர்கள் எல்லோரும் கதை சொல்கிறவர்கள், கதை புரியாவிட்டால் பாதி போச்சு. சோவைன் நிறுத்தி நிதானமாகச் சொல்வார், முதல் தடவையே முழுசாகப் புரியும். சிம்ப்சனும் தெளிவு. மெக்கால் வேகம், ஆனால் உச்சரிப்பு சுத்தம், விளம்பரக் குரல் ஆயிற்றே. வரிகளை ஒருமுறை கண்ணால் படித்துவிட்டுக் கேட்டால் ‘வுல்ஃப் கிரீக் பாஸ்’, ‘பிளாக் பேர் ரோட்’ இரண்டும் திறந்துகொள்ளும். ‘கான்வாய்’ பாட்டுக்கு மட்டும் படித்தாலும் போதாது, லாரிக் கம்பெனிப் பெயர்கள், ஊர்களின் பட்டப்பெயர்கள், போலீஸைக் கரடி என்பது என்று கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். மாகார்ட்? விடுங்கள்.

தட்டாக வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. ‘பிளாக் பேர் ரோட்’ அந்தக் காலத்தில் ஏராளமாக விற்ற தட்டு, அமெரிக்காவில் பழைய தட்டுக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும், விலையும் உயராது. இங்கே வரவழைக்கும்போது தட்டின் விலையை விடத் தபால் செலவுதான் பெரிசாக நிற்கும். அதனால் ஒன்றை மட்டும் தனியாக வரவழைக்காமல் ‘வுல்ஃப் கிரீக் பாஸ்’ தட்டையும் ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குவது லாபம். சிம்ப்சனின் 1966 தட்டு அப்படி இல்லை, நல்ல நிலையில் இருக்கும் அசல் பிரதி தேடினால் பொறுமை வேண்டும், அதை ஸ்ட்ரீமிங்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வரிசை இதுதான்: ஒன்றே ஒன்று, முழு ஆல்பமாக என்றால் ‘பிளாக் பேர் ரோட்’. லாரி இல்லாத பாட்டே கூடாது என்றால் ‘ரோல், டிரக், ரோல்’, அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. சோவைனுக்கு ஒரு தொகுப்பு, மாகார்டுக்கு ஒரு பாட்டு. காசு கொடுப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ‘கான்வாய்’ பாட்டைப் போடாதீர்கள், அது யாருக்கும் பிடிக்கும், எதையும் சொல்லாது. ‘தி சில்வர்டன்’ பாட்டைப் போடுங்கள். அது பிடித்துவிட்டால் ஆல்பம் உங்களுடையது. அது பிடிக்காமல் ‘வுல்ஃப் கிரீக் பாஸ்’ பிடித்தால் முதல் ஆல்பத்துக்குப் போய்விடுங்கள். இரண்டும் பிடிக்கவில்லை என்றால் மெக்காலே உங்களுக்கு வேண்டாம், சிம்ப்சனிடம் போங்கள்.